கண்ணில் அடிபட்டால் காத்திருக்கலாமா?

(பெங்களூருவில் ஒரு தமிழ் எழுத்தறிவு மையத்தின் மாலைக் கூட்டத்தில், தொண்டர் ஒருவர் பேசியது)



இன்று புதுப் பாடம் கிடையாது. பலகையில் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறேன். எல்லோரும் சேர்ந்து சத்தமாகப் படியுங்கள்.

கண்.

சரி. இரண்டே எழுத்து. இந்தக் கண்ணைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இது கட்டிய கதை அல்ல, எங்கள் வீட்டில் நடந்தது. என் அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். "தாராளமா சொல்லு. கேட்டு ஒருத்தன் தப்பிச்சாலும் போதும்" என்று அண்ணன் சொன்னார்.

வெள்ளிக்கிழமை

2019ஆம் ஆண்டு. நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு 23 வயது. பீன்யாவில் ஒரு சிறிய பட்டறையில் வேலை. எங்களுக்கு அப்பா இல்லை. அண்ணன் கூலியில்தான் வீடு ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. ஒரு மெஷினில் ஆணி இறுகிப் போயிருந்தது. அண்ணன் அதன்மேல் உளியை வைத்து, சுத்தியலால் ஓங்கி அடித்தார். அடித்த அடியில் உளியின் தலையிலிருந்து ஒரு இரும்புத் துகள் தெறித்தது. இடது கண்ணில் சுருக்கென்றது. அண்ணன் கண்ணாடி எதுவும் போட்டிருக்கவில்லை. அந்தப் பட்டறையில் யாருமே போடுவதில்லை.

அண்ணன் என்ன செய்தார்? நம்மில் பலரும் செய்வதைத்தான் செய்தார். கண்ணைக் கசக்கினார். குழாயடிக்குப் போய்த் தண்ணீர் அடித்துக் கழுவினார். "தூசியா இருக்கும், மருந்து விட்டா சரியாயிடும்" என்று பட்டறையில் சொன்னார்கள். மருந்துக் கடையில் தானே கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டார்.

வலி பெரிதாக இல்லை. ரத்தமும் வரவில்லை. லேசாக மங்கலாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் சனிக்கிழமை. வாரக் கூலி தரும் நாள். அண்ணன் வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை கண் சிவந்து வீங்கியது. "இன்னைக்கு ஆஸ்பத்திரி லீவு, நாளைக்குப் போலாம்" என்றோம். ராத்திரி முழுக்க வலியில் தூங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் கண்ணில் சீழ் கட்டியிருந்தது. அந்தக் கண்ணில் எதுவுமே தெரியவில்லை. அப்போதுதான் பெரிய கண் மருத்துவமனைக்கு ஓடினோம்.

டாக்டர் அம்மா பரிசோதித்துப் பார்த்தார். எப்போது அடிபட்டது என்று கேட்டார். சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வெள்ளிக்கிழமையே வந்திருக்கணும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை.

கண்ணுக்குள் என்ன நடந்தது?

கண் என்பது ஒரு சின்னப் பந்து. அதன் குறுக்களவு சுமார் இரண்டரை சென்டிமீட்டர். முன்பக்கம் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பது கருவிழி. அதன் நடுப்பகுதியின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதற்குப் பின்னால் லென்ஸ் இருக்கிறது. லென்ஸுக்குப் பின்னால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒரு கூழ். எல்லாவற்றுக்கும் பின்னால், உட்சுவரில், மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதுதான் விழித்திரை. சினிமாக் கொட்டகையில் படம் திரையில் விழுகிறது அல்லவா? அதுபோல நாம் பார்க்கும் காட்சி இந்தத் திரையில்தான் விழுகிறது.

அண்ணனின் கண்ணில் தெறித்த துகள் கருவிழியைத் துளைத்தது. லென்ஸைக் கிழித்தது. கூழுக்குள் புகுந்து, விழித்திரையில் போய்க் குத்தி நின்றது.

இவ்வளவு நடந்தும் வலி ஏன் குறைவாக இருந்தது? துகள் மிகச் சிறியது. ஓட்டையும் சிறியது. அந்த ஓட்டை தானாகவே மூடிக்கொண்டது போல ஆகிவிடும். வெளியே பார்த்தால் ஒரு சின்னக் கீறல் மாதிரி இருக்கும். அதனால்தான் ஏமாந்து போகிறோம்.

ஆனால் உள்ளே கிருமி போய்விட்டது. கண்ணுக்குள் இருக்கும் கூழ் கிருமிக்கு நல்ல தீனி. இரண்டு நாளில் உள்ளே சீழ் பிடித்துவிட்டது. கிருமி போகாமல் இருந்திருந்தாலும் ஆபத்துதான். இரும்பு உள்ளேயே கிடந்தால் துருப்பிடிக்கும். அந்தத் துரு விழித்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். ஆகவே, உள்ளே இருக்கும் இரும்பை வெளியே எடுத்தே ஆக வேண்டும்.

மருத்துவமனையில் நடந்தது

முதலில் டெட்டனஸ் ஊசி போட்டார்கள். கிருமியைக் கொல்லும் மருந்தைக் கையில் ஊசி வழியாக ஏற்றினார்கள். பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். துகள் எங்கே இருக்கிறது என்று அதில்தான் தெரிந்தது.

இங்கே ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். எம்.ஆர்.ஐ. என்று இன்னொரு ஸ்கேன் உண்டு. அது பெரிய காந்தம். கண்ணில் இரும்பு இருந்தால் அந்தக் காந்தம் துகளை இழுத்து அசைக்கும். கண் மேலும் கிழிந்து போகும். அதனால் எந்த ஸ்கேன் எடுக்கப் போனாலும், "கண்ணில் இரும்பு பட்டிருக்கலாம்" என்று நாமே முதலில் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து ஒரு தப்பு நடந்தது. தப்பு எங்கள் பேரில்தான். ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது, பிள்ளை பசியோடு இருக்கிறானே என்று அம்மா டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். ஆபரேஷனுக்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டும். வயிற்றில் சாப்பாடு இருந்தால் மயக்கத்தில் அது மேலே வந்து மூச்சுக்குழாயில் போய்விடும். அதனால் ஆபரேஷனை ஆறு மணி நேரம் தள்ளிப் போட்டார்கள். அம்மா அந்த ஆறு மணி நேரமும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பாசத்தில் செய்ததுதான். ஆனால் தெரியாமல் செய்தது.

இரவு ஒன்பது மணிக்கு ஆபரேஷன் தொடங்கியது. பூதக்கண்ணாடியைவிடப் பெரிதாக்கிக் காட்டும் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டே செய்கிறார்கள். கருவிழியில் இருந்த ஓட்டைக்குத் தையல் போட்டார்கள். அந்த நூல் நம் தலைமுடியைவிட மெல்லியது. கிழிந்த லென்ஸை எடுத்தார்கள். சீழ் பிடித்த கூழை எடுத்தார்கள். துகளைப் பிடித்து வெளியே எடுத்தார்கள். கிழிந்த விழித்திரையைச் சுற்றி லேசர் ஒளியால் ஒட்டு வைத்தார்கள். அது மறுபடி பிரிந்து வராமல் தாங்கி நிற்க, கண்ணுக்குள் சிலிக்கான் எண்ணெய் நிரப்பினார்கள். கண்ணுக்குள்ளேயே கிருமி மருந்தும் செலுத்தினார்கள்.

மறுநாள் அந்தத் துகளை ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் காட்டினார்கள். எள்ளில் பாதி கூட இல்லை. இதுவா இவ்வளவும் செய்தது என்று அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தச்சர் இருந்தார். ஆணி தெறித்து அவருக்கும் கருவிழி கிழிந்திருந்தது. அடிபட்ட மூன்று மணி நேரத்தில் மருத்துவமனைக்கு வந்துவிட்டார். அன்றே தையல் போட்டார்கள். நான்கு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்த இடத்தில் அவரைப் பார்த்தோம். கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

சீக்கிரம் வந்தால் எல்லோருக்கும் பார்வை திரும்பிவிடும் என்று டாக்டர் சொல்லவில்லை. காயம் எங்கே, எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தது என்றார். ஆனால் தாமதம் ஆக ஆகச் சீழ் பிடிக்கும் ஆபத்து கூடுகிறது. அதனால்தான் கிழிந்த கண்ணை 24 மணி நேரத்துக்குள் தைத்து மூடிவிட மருத்துவர்கள் பார்க்கிறார்கள். அண்ணன் வந்தது மூன்றாவது நாள்.

நூல் கட்டிய மருந்துப் புட்டிகள்

ஆபரேஷன் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். இல்லை. பாதி வேலை மருத்துவமனையில் நடந்தது. மீதி வேலை வீட்டில், எங்கள் கையில் இருந்தது.

வீட்டுக்கு வரும்போது நான்கு சொட்டு மருந்துகள் கொடுத்தார்கள். ஒன்று மணிக்கொரு தரம். ஒன்று இரண்டு மணிக்கொரு தரம். ஒன்று நான்கு வேளை. ஒன்று இரண்டு வேளை மட்டும். ஒரு மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் நடுவே ஐந்து நிமிடம் இடைவெளி விட வேண்டும். பகலில் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். அம்மாதான் மருந்து விட வேண்டும். அம்மாவுக்கு அப்போது எழுத்து தெரியாது.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். புட்டிகளின் கழுத்தில் நூல் கட்டினார். சிவப்பு நூல் மணிக்கொரு தரம். கறுப்பு நூல் இரண்டு வேளை. இப்படி நாலுக்கும் நாலு நிறம். எங்கள் அம்மா கெட்டிக்காரி. பத்து நாள் அது சரியாக நடந்தது.

பிறகு மருந்து தீர்ந்து புதுப் புட்டிகள் வாங்கினோம். வேறு கம்பெனி மருந்து. புட்டியின் அளவும் மூடியின் நிறமும் மாறிப் போனது. நூலை மாற்றிக் கட்டும்போது சிவப்பும் கறுப்பும் இடம் மாறிவிட்டன. நான் மாலையில் வந்து பார்த்தால் அண்ணன் முகம் சிவந்து கிடக்கிறார். வாய் உலர்ந்து போச்சு, நெஞ்சு படபடக்குது என்கிறார். கண்பாவையை விரித்து வைக்கும் மருந்து அது. இரண்டு வேளை மட்டுமே விட வேண்டும். அன்று மதியத்திலிருந்து மணிக்கொரு தரம் விட்டிருக்கிறார்கள்.

ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். நல்ல காலம், பெரிய கெடுதல் ஆகவில்லை. அன்று இரவு அம்மா என்னிடம், "நாலு எழுத்து தெரிஞ்சிருந்தா இந்த நூல் எதுக்குடி எனக்கு?" என்று கேட்டார். அடுத்த வாரமே அம்மாவுக்கு நான் எழுத்துச் சொல்லித்தர ஆரம்பித்தேன். மருந்துப் புட்டிதான் எங்கள் முதல் பாடப் புத்தகம். அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறாரே, அவர்தான் என் அம்மா.

குணமாகும் காலத்தில் என்ன செய்ய வேண்டும்?

டாக்டர் சொன்னதை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் படிக்கிறேன்.

மருந்து விடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். புட்டியின் நுனி கண்ணிலோ இமையிலோ படக் கூடாது. கீழ் இமையை மெல்ல இழுத்து ஒரு சொட்டு விட்டால் போதும்.

கண்ணை அழுத்தக் கூடாது. கசக்கக் கூடாது. தூங்கும்போது கை தெரியாமல் பட்டுவிடும். அதனால் இரவில் பிளாஸ்டிக் மூடியைக் கண்மேல் வைத்து ஒட்டிக்கொள்ள வேண்டும்.

டாக்டர் சொல்லும் வரை தலைக்குக் குளிக்கக் கூடாது. அழுக்குத் தண்ணீர் கண்ணில் படக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. புகையும் தூசியும் உள்ள இடத்தில் இருக்கக் கூடாது.

சிலருக்கு விழித்திரை ஒட்டுவதற்காகக் கண்ணுக்குள் காற்று மாதிரி ஒரு வாயுவை நிரப்புவார்கள். அவர்கள் சொன்ன நாள் வரை குப்புறப் படுக்க வேண்டும், தலையைக் குனிந்தே வைத்திருக்க வேண்டும். அது பெரிய கஷ்டம். ஆனாலும் செய்துதான் ஆக வேண்டும். வாயு கரையும் வரை விமானத்தில் ஏறக் கூடாது.

வலி கூடினாலோ, சிவப்பு கூடினாலோ, சீழ் வந்தாலோ, இருந்த பார்வை குறைந்தாலோ, கண்ணில் மின்னல் அடிப்பது போலவோ திரை இறங்குவது போலவோ தெரிந்தாலோ, குறித்த தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே போக வேண்டும்.

தையல் பிரிப்பது, எண்ணெய் எடுப்பது, லென்ஸ் வைப்பது எல்லாம் பல மாதம் கழித்து நடக்கும். நன்றாகிவிட்டது போல இருக்கிறது என்று நடுவில் நின்றுவிடக் கூடாது. அண்ணனுக்கு நான்காம் மாதம் இரண்டாவது ஆபரேஷன் செய்து எண்ணெயை எடுத்தார்கள்.

அடிபடாத கண்ணையும் பாருங்கள்

இது பலருக்குத் தெரியாத விஷயம். நம் உடம்பில் ஒரு காவல் படை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கிருமியோடு சண்டை போடுவது அதன் வேலை. ஒரு கண் கிழிந்து உள்ளே இருப்பது வெளியே வந்தால், காவல் படை சில சமயம் கண்ணையே எதிரி என்று நினைத்துவிடுகிறது. அப்போது அடிபட்ட கண்ணோடு, நல்ல கண்ணையும் சேர்த்துத் தாக்கும். இது அபூர்வமாகத்தான் வரும். ஆனால் வந்தால் இரண்டு கண்ணும் போகலாம். சில வாரத்திலும் வரும், சில மாதத்திலும் வரும், வருடங்கள் கழித்தும் வரும்.

ஆகவே நல்ல கண் சிவந்தாலோ, வெளிச்சம் பார்த்தால் கூசினாலோ, மங்கினாலோ உடனே காட்ட வேண்டும். சீக்கிரம் காட்டினால் மருந்தால் அடக்க முடியும்.

சிலருக்கு அடிபட்ட கண்ணை எடுத்துவிட வேண்டியும் வரும். பார்வை துளியும் இல்லாமல், வலி மட்டும் தீராமல் இருந்தால் டாக்டர் அப்படிச் சொல்வார். கேட்கவே மனம் நடுங்கும். ஆனால் புண் ஆறிய பிறகு, மற்றக் கண்ணின் நிறத்துக்குத் தகுந்தபடி செயற்கைக் கண் வைக்கிறார்கள். அதில் பார்வை வராது. ஆனால் முகம் பழையபடி இருக்கும். வெளியே போக, நாலு பேரைப் பார்க்க வெட்கப்பட வேண்டியதில்லை.

அண்ணனுக்குக் கண்ணை எடுக்கவில்லை. கண் பிழைத்தது. பார்வை பிழைக்கவில்லை. முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் நிழல் ஆடுவது மட்டும் தெரியும். அவ்வளவுதான்.

ஒரு கண்ணோடு வாழ்வது

முதல் மூன்று மாதம் அண்ணன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் வெளியே கொட்டும். படி இறங்கினால் கால் தவறும். எது கிட்டே இருக்கிறது, எது தள்ளி இருக்கிறது என்ற அளவு தெரிவதற்கு இரண்டு கண்ணும் சேர்ந்து உதவுகின்றன. ஒன்று போனதும் அந்த அளவு தப்பிப் போகிறது. தெருவில் யாரோ ஒற்றைக் கண்ணன் என்று சொன்னது காதில் விழுந்தது. அன்று அண்ணன் சாப்பிடவில்லை.

அப்போது டாக்டர் அம்மா ஒருவரைப் பற்றிச் சொன்னார். உங்களில் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த பெயர். மன்சூர் அலி கான் பட்டோடி. 1961ஆம் ஆண்டு ஜூலை மாதம் இங்கிலாந்தில் கார் விபத்தில் சிக்கினார். உடைந்த கண்ணாடிச் சில்லு வலது கண்ணில் பாய்ந்தது. அவருக்கு அப்போது 20 வயது. ஆபரேஷன் செய்தார்கள். ஆனாலும் அந்தக் கண்ணின் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. அவரும் டம்ளரில் ஊற்றிய தண்ணீரை மேசையில் கொட்டினார். அவர் பழகினார். திரும்பத் திரும்பப் பழகினார். அதே ஆண்டு டிசம்பர் மாதம் இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் ஆடினார். 1962 ஜனவரியில் சென்னையில் 103 ரன் அடித்தார். அதே 1962இல், 21 வயதில், இந்திய அணியின் கேப்டன் ஆனார். அவர் ஆடிய 46 டெஸ்டில் 40 டெஸ்டுக்கு அவரே கேப்டன். 1968இல் நியூசிலாந்தில் இந்தியா தொடரை வென்றது. வெளிநாட்டில் நமக்குக் கிடைத்த முதல் தொடர் வெற்றி அது. அதற்கும் கேப்டன் அவரே. 2011இல் காலமானார்.

அவர் நவாப் வீட்டுப் பிள்ளை, நாம் கூலிக்காரர்கள் என்று அண்ணன் சொன்னார். அதுவும் உண்மைதான். ஆனால் டம்ளரும் தண்ணீரும் எல்லோருக்கும் ஒன்றுதானே! மறுநாளிலிருந்து அண்ணன் பழக ஆரம்பித்தார். டம்ளரின் விளிம்பில் சொம்பின் மூக்கைத் தொட்டு வைத்து, பிறகு ஊற்றினார். படியைக் காலால் தடவிப் பார்த்து இறங்கினார். ரோட்டைக் கடக்கும்போது தலையை முழுதாகத் திருப்பி இரு பக்கமும் பார்த்தார். ஆறு ஏழு மாதத்தில் கை தேறிவிட்டது. இன்று அண்ணன் வேறொரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார்.

ஆனால் நாங்கள் கொடுத்த விலையும் பெரிது. கூலி நின்ற அந்த வருடத்தில் வீடு நடத்த நான் தையல் வேலைக்குப் போனேன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு என் படிப்பு நின்றது.

வேலையில் அடிபட்டால்

அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பட்டறையிலிருந்து வந்து இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து, ஒரு தாளில் அம்மாவிடம் கைநாட்டு வாங்கிப் போனார்கள். கணக்கு தீர்ந்தது என்று அதில் எழுதியிருந்ததாம். அம்மாவுக்கு அது தெரியாது.

வேலை செய்யும் இடத்தில் அடிபட்டு உறுப்பு போனால் நஷ்ட ஈடு கேட்பது நம் உரிமை. அதற்கு 1923ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. பிறகு சட்டங்கள் மாறின. உரிமை போகவில்லை. ஏமாற்றி எழுதி வாங்கினாலும் அந்த உரிமை போய்விடாது என்று இலவசச் சட்ட உதவி வக்கீல் எங்களுக்குச் சொன்னார். வழக்குப் போட்டோம். தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். மருத்துவமனைச் சீட்டு, ஸ்கேன் படம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது என்று மருத்துவமனையில் உள்ளதை உள்ளபடி சொல்லி எழுதச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள்.

மறக்கக் கூடாதவை

கடைசியாக, இதைப் பலகையில் எழுதுகிறேன். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.

கூரான பொருள் குத்தினாலோ, துகள் வேகமாகத் தெறித்துப் பட்டாலோ, பட்டாசு வெடித்துப் பட்டாலோ, பந்தோ கிட்டிப்புள்ளோ பலமாக அடித்தாலோ:

கசக்காதே.
அழுத்தாதே.
கழுவாதே.
குத்தி நிற்பதைப் பிடுங்காதே.
எண்ணெய், தாய்ப்பால், கடை மருந்து எதுவும் விடாதே.
கண்மேல் படாமல் ஒரு காகிதக் கோப்பையை வைத்து மூடி ஒட்டு.
சாப்பிடவும் குடிக்கவும் ஒன்றும் கொடுக்காதே.
உடனே கண் மருத்துவமனைக்குப் போ.

ராத்திரி ஆனாலும், ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் பெரிய மருத்துவமனைகளில் அவசரப் பிரிவு திறந்துதான் இருக்கும். 108ஐக் கூப்பிடலாம். வலி இல்லையே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பார்வை மங்கினாலோ, கண்பாவை வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுத்திருந்தாலோ கண் கிழிந்திருக்கலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இதற்கு நேர்மாறு. சுண்ணாம்பு, ஆசிட், பேட்டரித் தண்ணீர் போன்றவை கண்ணில் பட்டால் அந்த நிமிடமே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். இமையை விரித்துப் பிடித்து, அரை மணி நேரம் விடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிறகுதான் மருத்துவமனை. வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டை அழுத்தி விளையாடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட பிள்ளைகள் உண்டு. சுண்ணாம்பைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

சின்னப் பிள்ளைக்கு அடிபட்டால் ஆபரேஷனோடு விட்டுவிடக் கூடாது. அந்தக் கண்ணைப் பயன்படுத்தாமல் இருந்தால் அது பார்க்கவே பழகாமல் சோம்பிப் போகும். டாக்டர் சொல்கிறபடி கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடி, அடிபட்ட கண்ணைப் பழக்க வேண்டும்.

பட்டறையில், கல் உடைக்கும் இடத்தில், வெல்டிங்கில், மர வேலையில் இருப்பவர்களே, பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். கூச்சப்படாதீர்கள். அண்ணன் இப்போது கம்பெனிக்குப் போனதும் முதல் வேலையாக எல்லோர் முகத்தையும் பார்க்கிறார். கண்ணாடி போடாதவரிடம் போய்த் தன் இடது கண்ணைக் காட்டுகிறார். வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. அவர்கள் உடனே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

இப்போது பலகையில் உள்ளதை யார் படிக்கிறீர்கள்? அம்மா, நீங்களே வாருங்கள். முதல் வரியிலிருந்து படியுங்கள். மற்றவர்கள் கூடவே சொல்லுங்கள்.